சிறியது பெரிதாகுங்கால்

வீட்டிற் செய்த சிறு காற்றாலையைப் பெரிதாக்குதல் எளிதென நாம் எண்ணுதல் இயல்பு. கணிதமோ வேறு கூறும். இறக்கையின் நீளம் இருமடங்காயின், அது சுழலும் பரப்பும், அதே காற்றிற் பெறும் வலுவும் நான்கு மடங்காகும். எல்லா அளவுகளும் ஒப்பப் பெருகின், பாரமோ எட்டு மடங்காகும். இறக்கையின் அடியே அப்பாரத்தைத் தாங்குவது.

அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் 1941இல் இயங்கத் தொடங்கிய 1,250 கிலோவாற்று ஆலையின் இறக்கை, 1945இல் அடியில் முறிந்து வீழ்ந்தது. அவ்விடத்தின் பலவீனம் முன்னரே அறியப்பட்டிருந்தும், போர்க்காலத் தட்டுப்பாட்டால் திருத்தப்படவில்லை.

இதுகண்டு நாம் அஞ்சுதல் வேண்டா. டென்மார்க்கின் ருவிண்ட் பாடசாலையில் ஆசிரியரும் மாணவரும் தொண்டரும், வல்லுநர் அறிவுரை பெற்று அமைத்த 54 மீற்றர் விட்டமுடைய ஆலை 1978இற் சுழலத் தொடங்கியது. இறக்கைகளையும் அவர்களே கண்ணாடியிழையாற் செய்தனர்.

முறியக்கூடிய இடத்தை முதலில் அறிந்து, பின்னரே பெரிதாக்குவோமாக.