கடலடியில் புல்வளையம்

டென்மார்க்கின் மோன் தீவில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலுள்ள ஆழமற்ற கடலில், 2008ஆம் ஆண்டு, 15 மீட்டர் வரை அகன்ற கடற்புல் வளையங்கள் தென்பட்டன. குண்டு விழுந்த பள்ளம் என்றனர் சிலர். தேவதைகளின் செயல் என்றனர் வேறு சிலர். 2014இல் ஆராய்ச்சியாளர் காரணத்தை விளக்கினர்.

கடற்புல் வேர்த்தண்டினால் நாற்புறமும் படர்ந்து, வண்டலைத் தன்னிடம் தேக்குவது. அவ்வண்டலில் சல்பைடு என்னும் நஞ்சு உண்டாகும். மண்ணில் இரும்பு இருப்பின் அந்நஞ்சைக் கட்டிவிடும். சுண்ணாம்பு நிலத்திலோ இரும்பு குறைவு. ஆகவே வண்டல் மிகுந்த நடுப்பகுதி மடிய, விளிம்பு மட்டும் வளையமாய் எஞ்சுகின்றது.

நீர் தேங்கிய நெல்வயலிலும் இந்நஞ்சு தோன்றுவதுண்டு. பயிர் சோர்ந்தால் வேரைப் பறித்துப் பாருங்கள். அது கறுத்து, அழுகிய முட்டைபோல் நாறினால், நீரை வடித்து மண்ணுக்குக் காற்றோட்டம் அளித்தல் நலம்.