விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கொடிய சுவாச நோய்கள்

கமக்காரரின் வளவில் உழவு மாடும் கறவைப் பசுவும் ஆடும் கோழியும் மனிதரோடு நெருங்கியே வாழ்கின்றன. இந்நெருக்கத்தாற் பெறும் பயன் பெரிது. எனினும், விலங்குகளின் உடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் மனிதரைத் தொற்றிப் பெருங்கேடு விளைவித்தலும் உண்டு. அவற்றுட் சில கொரோனா வைரசு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவை விலங்கிலிருந்து மனிதரை அடைந்த விதத்தைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

எல்லா வைரசும் ஒன்றல்ல

கோழிகளுக்கு இருமலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கி, முட்டையிடுதலைக் குறைக்கும் தொற்றுச் சுவாசக்குழல் அழற்சி ஒரு கொரோனா வைரசால் உண்டாவதே. அது மனிதரைத் தாக்குவதில்லை. மனிதருக்குப் பெரும்பாலும் தடிமனை மாத்திரம் உண்டாக்கும் நான்கு வகைகளும் உள. ஆனால், 2002ஆம் ஆண்டு தொடக்கம் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும் மூன்று வகைகள் தோன்றியுள்ளன.

மரநாய் வழி வந்த சார்ஸ்

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் சார்ஸ் நோய் தோன்றியது. முதலிற் பீடிக்கப்பட்டோருட் பலர், உணவுக்கென உயிருள்ள காட்டு விலங்குகளை விற்போரும் சமைப்போருமாவர். 2003இல் சந்தையிலிருந்த மரநாய்களில் இவ்வைரசு காணப்பட்டது. அவ்வின வைரசுகளின் மூல இருப்பிடம் குகைகளில் வாழும் இலாட வௌவால்களே எனப் பின்னர் அறியப்பட்டது. பல விலங்குகளைக் கூடுகளில் நெருக்கமாக அடைத்து வைத்தமை நோய்க்கு வழி திறந்தது. 8,000க்கு மேற்பட்டோர் நோயுற்று, 774 பேர் இறந்தனர். நோயாளரை வேறாக வைத்தும், அவரோடு பழகியவரைக் கண்காணித்தும் 2003 யூலையில் இந்நோய் அடக்கப்பட்டது.

ஒட்டகம் வழி வரும் மேர்ஸ்

2012இல் சவூதி அரேபியாவில் மேர்ஸ் நோய் கண்டறியப்பட்டது. இவ்வைரசு ஒற்றைத் திமில் ஒட்டகங்களில் வாழ்வது. ஒட்டகத்துக்கு இதனால் சிறு தடிமன் மாத்திரம் உண்டாகலாம். பெரும்பாலும் எக்குறியும் தோன்றாது. அதன் மூக்குச் சளியிலும் காய்ச்சாத பாலிலும் வைரசு இருத்தல் கூடும். நோய் உறுதிசெய்யப்பட்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் இறந்துள்ளனர். விலங்கு நலமாகத் தோன்றுவது அதனிடம் நோய்க்கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதே இதிற் பெறும் முதற் பாடம்.

இரண்டாம் பாடம் தென் கொரியாவிற் கிடைத்தது. 2015 மே மாதத்தில் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் காய்ச்சலுற்றுப் பல வைத்தியசாலைகளை நாடினார். நோய் இன்னதென அறியச் சில நாட்கள் சென்றன. அவரிலிருந்து தொடங்கிய தொற்று 186 பேரைப் பீடித்து, 38 உயிர்களைக் கொண்டது.

2019இன் இறுதியிற் சீனாவின் வூகான் நகரில் தோன்றிய கோவிட்-19 மூன்றாவது நோயாகும். அதனை ஒத்த வைரசுகள் வௌவால்களில் உள; ஆயினும், அது மனிதரை அடைந்த வழி பற்றி அறிஞர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. மாட்டுக் கொட்டிலும் கோழிக்கூடும் சமையலறைக்கும் படுக்கை அறைக்கும் அப்பால் அமைதல் வேண்டும். கூட்டில் அளவுக்கு மிஞ்சி விலங்குகளை அடைத்தல் ஆகாது.

2. விலங்குகளைத் தொட்டபின்னும், சாணம், எச்சம் அகற்றியபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும். விலங்கு நோயுற்றபின் மாத்திரமன்றி, நாடோறும் இதனைச் செய்தல் வேண்டும்.

3. பாலைப் பொங்கக் காய்ச்சியும், இறைச்சியை நன்கு வேகவைத்துமே உண்ணுதல் வேண்டும்.

4. நோயுற்ற விலங்கை மந்தையினின்று பிரித்து வைத்து, மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். இறந்த விலங்கை உண்ணலும் விற்றலும் கூடா.

5. மரநாய் முதலிய காட்டு விலங்குகளைப் பிடித்து வளர்த்தலும் உண்ணுதலும் தவிர்க்கப்படல் வேண்டும். வௌவால்களைக் கொல்லுதலும் அவற்றின் குகைகளைக் கலைத்தலும் தீது. இலாட வௌவால்கள் இரவிற் பூச்சிகளை உண்டு கமக்காரருக்கு உதவுவன.

6. இலங்கையில் ஒட்டகப் பண்ணை வளர்ப்பு வழக்கில் இல்லை. எனினும், கமக்காரர் குடும்பங்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்கின்றனர். அவர் அங்கு ஒட்டகத்தின் பச்சைப் பாலைப் பருகலாகாது. நீரிழிவு, சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் உடையோர் ஒட்டகங்களை நெருங்காதிருத்தல் நலம்.

7. திரும்பி வந்து 14 நாட்களுள் காய்ச்சல், இருமல், மூச்செடுத்தலிற் சிரமம் ஆகியன காணப்படின், முகத்தை மறைத்துக்கொண்டு உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். சென்ற நாட்டையும் பழகிய விலங்குகளையும் கேளாமுன்னரே கூறுதல் வேண்டும். அச்சத்தாலோ நாணத்தாலோ மறைப்பின், வீட்டாரும் அயலாரும் இடருறுவர்.

வளவின் தூய்மையும் வைத்தியரிடத்து மறையாமையும் பெருஞ்செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க காவல்களாகும்.