பட்டியல் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாசகர் வட்டம் தொடங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. முதல் இரண்டு கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்றாவதற்கு வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அதற்கு மருந்தாக, அவசியம் படிக்க வேண்டிய நூறு புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பச் சொல்கிறாய். அதை அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்கப்போகிறாயாம்.

பட்டியல் அனுப்பப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. நூறு பெயர் கொண்ட தாளைக் கையில் வாங்கியவர் முதலில் செய்கிற வேலை, தான் படித்தது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. ஐந்தோ ஆறோ தேறினால் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அறுபது தேறுகிறவர் இன்னும் ஆபத்து. அன்றிலிருந்து உன் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பேசுவார்.

பட்டியலுக்குப் பேர்போனவர் விமர்சகர் க.நா. சுப்ரமண்யம். அவர் பட்டியலில் யார் இருக்கிறார், யார் விடுபட்டார் என்று தமிழ் எழுத்துலகம் வருஷக்கணக்கில் சண்டை போட்டது. அந்தச் சண்டையில் அவர் செய்த மற்ற வேலை பின்னால் போய்விட்டது. 1950களில் 'படித்திருக்கிறீர்களா?' என்று இரண்டு பாகம் எழுதினார். ஒவ்வொரு நூலாக எடுத்து, இதில் தனக்குப் பிடித்தது எது என்று திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார். அதோடும் அவருக்கு மனசு ஆறவில்லை. நார்வேக்காரரான நட் ஹாம்சனை 'நிலவளம்' என்றும், சுவீடன்காரரான லாகர்குவிஸ்டின் பாரபாஸ் கதையை 'அன்பு வழி' என்றும் தமிழில் கொண்டுவந்து கொடுத்தார். பிடித்த புத்தகம் பக்கத்து வீட்டுக்காரன் படிக்கிற மொழியில் இல்லையென்றால் தானே உட்கார்ந்து மொழிபெயர்த்துவிடுகிற பைத்தியம் அது. அவருடைய பட்டியல்களைவிட அந்தப் பைத்தியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

உன் ஊருக்கே வருகிறேன். 'தம்பி' என்று தொடங்கும் கடிதம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. 1942இல் அண்ணா இங்கிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். பிற்பாடு அதிலும், 1964இல் தொடங்கிய 'காஞ்சி' இதழிலும் தம்பிக்கு என்று அவர் எழுதிய கடிதங்கள் ஊர் ஊராகப் படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டவை. அவர் அரசியலோடு உனக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு வாசகராக அவர் செய்ததை மட்டும் பார். 'ஏழை பங்காளர் எமிலி ஜோலா' என்று ஒன்று உண்டு. ஜோலாவின் நாவல் எதையும் பார்த்தேயிராத கூட்டத்துக்கு அவர் ஜோலாவைக் கொண்டுவந்து சேர்த்தார். பிரெஞ்சு இலக்கியத்தில் ஜோலாவின் இடம் என்ன என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. இந்த மனிதர் ஏழைக்காக நின்றார் என்ற ஒரு பிடியைக் கொடுத்தார். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பிடி போதும். நீ ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே ஒரு பிடி கொடு. ஏழு கொடுத்தால் ஒன்றும் கையில் நிற்காது.

அதே அண்ணா 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்று வானொலியில் பேசியிருக்கிறார். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பாய். அருமையான பேச்சு. ஆனால் பிள்ளையார்பாளையத்து வீடுகளை நினைத்துப் பார். முன்கட்டைத் தறி எடுத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில்தான் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும். புத்தக அலமாரியை எங்கே வைப்பது? அதனால் உங்கள் தெருவுக்குத் தேவை ஒரு வீட்டில் தங்காமல் வீடு வீடாகப் போகிற பத்துப் புத்தகம். 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். உனக்கு ஒரு சைக்கிள் போதும்.

இனி, புத்தகம் யாரிடமிருந்து வரலாம் என்பதற்குக் குமரகோட்டம் முருகன் கோயில் கதை ஒன்று. காமாட்சியம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவில் தினமும் அதைத் தாண்டிப் போகிறாய். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அங்கே அரங்கேற்றியபோது, காப்புச் செய்யுளின் முதல் சொற்புணர்ச்சிக்கே ஒரு புலவர் தடை எழுப்பினார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. இப்படிப் புணர்வதற்குத் தொல்காப்பியத்தில் விதி எங்கே என்று கேட்டாராம். அரங்கேற்றம் நின்றுபோனது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒருவர் கையில் 'வீரசோழிய'த்தோடு வந்து, இதோ விதி என்று பிரித்துக் காட்டினார். பிறகுதான் புராணம் மேலே நடந்தது. வந்தவர் முருகனே என்று பக்தர்கள் சொல்வார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடு.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். சைவர்களின் பெரிய புராணம் ஒன்று சைவர்களின் கோயிலிலேயே சிக்கி நின்றபோது, அதை நகர்த்தியது ஒரு பௌத்தர் எழுதிய இலக்கணம். நமக்கு வேண்டிய புத்தகம் நம் அணியிலிருந்தே வரவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உன் வட்டத்தில் கட்சிக்காரர்கள் இருப்பார்கள், கோயில்காரர்கள் இருப்பார்கள், இரண்டையும் கேலி செய்கிறவர்களும் இருப்பார்கள். ஒருவர் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுக்க வைக்கப் பார். கஷ்டம்தான். ஆனால் ஒரே சாயலில் நினைக்கிற பதினைந்து பேர் கூடித் தலையாட்டுவதற்கு உன் ஞாயிற்றுக்கிழமையை ஏன் வீணாக்க வேண்டும்?

புத்தகம் சொல்வதற்கு முன் ஆளைக் கேள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கோர்வைச் சேலையில் கைதேர்ந்தவர். அவருக்கு நெசவாளர் கதைதான் பிடிக்கும் என்று நானாகத் தீர்மானித்து எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யைக் கொடுத்தேன். கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்களின் வாழ்க்கை அது. எழுதியவரும் சரிகை வியாபாரம் செய்தவர், தறி தெரிந்தவர். எண்பது பக்கம் போல வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தாம்ப்பா எழுதிக்கிறாரு. ஆனா எங்க வூட்டுக் கதைய எனக்கே சொல்றியே. நமக்குத் தெரியாத ஊரு எதுனா இருந்தா குடு." தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைக் கொடுத்தேன். அதை முடித்துவிட்டு அடுத்ததற்கு அவரே வந்து நின்றார். 'வேள்வித் தீ'யை வேறொருவருக்குக் கொடுத்தேன். காந்தி ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சேலையை விற்கத் தெரியும், நெய்கிறவன் சமையற்கட்டில் என்ன வேகிறது என்று தெரியாது. அவருக்குத்தான் அது வேலை செய்தது. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்த நாவல், கைத்தறிக்காரர்களின் பட்டினியைச் சொல்வது. அதையும் உங்கள் தெருவைத் தாண்டிக் கொண்டுபோ.

இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். விதி சொல்வது சுலபம்.

காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் 'சிவகாமியின் சபதம்' படித்ததாகச் சொல்வார்கள். நம் ஊர்க் கதை, கல்கி எழுத்து, பிடிக்காமல் போகுமா? கொஞ்சம் இலக்கியம் தெரிந்தவர்கள் அங்கே உதட்டைச் சுழிப்பார்கள். நீ சுழிக்காதே. ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் படிக்கிறவர்களிடமும் சுழிக்காதே. அவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற பழக்கத்தைச் சம்பாதித்து வைத்திருக்கிறார்கள். சிவகாமியில் மயங்கியவரிடம், அந்த மகேந்திர பல்லவரே ஒரு நாடகம் எழுதியிருக்கிறார், தெரியுமா என்று கேள். 'மத்தவிலாசப் பிரகசனம்'. கதை நடப்பது இதே காஞ்சியில். குடிபோதையில் இருக்கிற காபாலிகன் ஒருவன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, எடுத்தது புத்த பிட்சுதான் என்று தெருவில் சண்டைக்குப் போகிறான். உண்மையில் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். நாவலில் பாத்திரமாக வந்த ராஜா தன் தலைநகரத்துத் தெருவைத் தானே கேலி செய்வதைப் படிக்க யாருக்குத்தான் ஆசை வராது? சமஸ்கிருத நாடகம், தமிழில் பெயர்ப்பு உண்டு. கல்கி வாசகரை ஏழாம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் விட உனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் செலவு.

அடுத்தது கேட்பது. உன் கடிதம் முழுக்கக் கொடுப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. வட்டம் நடத்துகிறவன் புத்தகம் கேட்கவும் பழகவேண்டும். 'நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க' என்று கேட்டால் எல்லாரும் பொன்னியின் செல்வன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்கள், எந்த இடத்தில் என்று கேட்டுப் பார். மனிதர்கள் அப்போதுதான் பேசுவார்கள். யாருக்கும் இரவல் கொடுக்க மனசு வராத புத்தகம் எது என்று கேள். ஓதுவாரைக் கேள், பழைய புத்தகக் கடைக்காரரைக் கேள், மாவட்ட மைய நூலகத்தில் இரவல் பதிவேடு பார்க்கிறவரைக் கேள். ஊரில் எது சுற்றுகிறது, எது இருந்த இடத்திலேயே தூசி படிகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று போய்ச் சொல். 'அருமை' என்ற சொல்லை உன் வட்டத்தில் ஆறு மாதம் தடை செய்து பார்.

கூட்டத்துக்கு ஆள் குறைந்ததற்குக் காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. தலைக்கு அரைமணி நேரம் பேசவைத்திருக்கிறாய்! திருநெல்வேலியில் டி.கே.சி. 1924 முதல் தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களைக் கூட்டினார். வீட்டின் வட்டமான முற்றத்தை வைத்து வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, பாடி, திரும்பப் பாடி, அதிலேயே நின்று ரசிப்பார்கள். நீயும் அப்படி ஒரு பக்கத்தை எடுத்துக்கொள். உரக்கப் படி. பிறகு மற்றவர்கள் பேசட்டும். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' சிறுகதையில் தொடங்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற மனிதர் ஒருவரும், அவர் கவனிக்கத் தவறுகிற சாரங்கன் என்ற பையனும். புத்தகம் கொடுக்கிற வேலையில் இருக்கிற எவரும் வருஷத்துக்கு ஒருமுறை அதைப் படிப்பது நல்லது.

கூட்டத்துக்கு வரவே முடியாதவர்கள்தான் உன் தெருவில் அதிகம். முகூர்த்த சீசனில் தறியை விட்டு எழுந்தால் கூலி போச்சு. கண்ணும் கையும் காலும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். கியூபாவில் சுருட்டு உருட்டும் தொழிலாளிகள் 1865 முதல் தங்கள் கைக்காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்தி நாவல் படிக்கக் கேட்டார்கள். எந்த நாவல் என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். மான்டி கிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயரே அப்படிக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் கண்ணூரில் பீடி சுற்றுகிறவர்கள், படிக்கிற ஆளின் பங்கு பீடியைத் தாங்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தார்கள். செல்போனில் பாட்டு ஓடுகிற நேரத்தில் இருபது நிமிஷம் உன் குரல் ஓடட்டும். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும், அதனால் நிறுத்தி நிதானமாகப் படி. எந்தப் புத்தகம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

சில்லறை விஷயங்கள் சில. கொடுத்த புத்தகத்தை 'படிச்சாச்சா?' என்று கேட்காதே. கடன்காரன் குரல் அது. திரும்பி வராத புத்தகத்துக்காகச் சண்டையும் போடாதே. அடிக்கோடு போட்ட உன் சொந்தப் பிரதியைக் கொடுக்காமல் வேறு பிரதி வாங்கிக் கொடு. மேடையில் புத்தகத்தைப் பட்டுச் சேலைக்கு ஒப்பிட்டுப் பேசவும் வேண்டாம். நம் ஊரில் அதைச் செய்யாத பேச்சாளர் இல்லை.

அடுத்த கடிதத்தில் கேள்வி கேட்காமல் எனக்கு ஒரு புத்தகம் சொல். உன்னைவிட இளையவர் யாராவது எழுதியதாக இருந்தால் நல்லது. அதில் எந்தப் பக்கம் உன்னைப் பிடித்தது என்று ஒரு வரி எழுது. விலையையும் பதிப்பகத்தின் பெயரையும் மறக்காமல் போடு, வாங்கவேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்