ஓடும் கணுக்களைக் கொத்தாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அப்படியொரு தோட்டத்தில், கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஒரு மூலையில் வெட்டுக்காரர்களின் கருவிகள், லோரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் தமக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. எல்லாக் கணுவும் எல்லாச் செய்தியையும் திருப்பி அனுப்பினால் அலைவரிசை அடைத்துக்கொள்ளும். கொத்தாகப் பிரித்தால் சில கணுக்கள் மட்டுமே திருப்பி அனுப்பும்; நெரிசல் குறையும்.

படி 1: பொறுப்பைப் பிரியுங்கள்

கொத்துக்கு ஒரு தலைவர். தோட்டத்துத் தண்டல் மாதிரி. மற்றவை உறுப்பினர்கள். இரு கொத்துகளின் செய்தியும் எட்டும் கணு இணைப்புக் கணு.

படி 2: அக்கம்பக்கத்தை அறியுங்கள்

ஒவ்வொரு கணுவும் குறித்த இடைவெளியில் தன் எண்ணைச் சொல்லி 'ஹலோ' அனுப்பட்டும். தன் காதில் விழுந்த எண்களின் பட்டியலே ஒரு கணுவின் அண்டைப் பட்டியல்.

படி 3: தலைவரைத் தேர்ந்தெடுங்கள்

அண்டையில் மிகச் சிறிய எண்ணுக்கே பதவி என்பது எளிய விதி. எண்ணை வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை பேக்கரும் எஃப்ரெமிடிசும் 1981இல் முன்வைத்தனர். ஆனால் சிறிய எண் மோட்டார் சைக்கிளுக்கு வாய்த்துவிட்டால், அது கிளம்பியதும் கொத்து கலையும்.

எனவே அசைவை அளவிடுங்கள். பாசு, கான், லிட்டில் மூவரும் 2001இல் தந்த 'மோபிக்' முறையில், ஒரே அண்டையிடமிருந்து அடுத்தடுத்து வந்த இரு ஹலோக்களின் சிக்னல் வலிமை ஒப்பிடப்படும். ஒரு கற்பனைக் கணக்கு: நிற்கும் லோரிக்கு மூன்று அண்டைகளிடம் கண்ட மாற்றம் +1, −1, 0 டெசிபெல். வர்க்கங்களின் சராசரி 0.67. மோட்டார் சைக்கிளுக்கு +6, −5, −4, சராசரி 25.67. குறைந்த மதிப்புள்ள லோரியே தலைவர்.

படி 4: பதவியை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்

இன்னும் தகுதியான கணு வந்தது என்பதற்காக மறுதேர்தல் வேண்டாம். இரு தலைவர்கள் நேருக்கு நேர் வந்தாலோ, ஓர் உறுப்பினர் எந்தத் தலைவருக்கும் எட்டாமல் போனாலோ மட்டும் மாற்றுங்கள். 1997இல் வந்த 'குறைந்த கொத்து மாற்ற' முறை இதுதான். மோபிக் இன்னும் பொறுமை காட்டுகிறது: எதிர்ப்பட்ட தலைவர்கள் சற்று நேரத்தில் விலகிவிட்டால் இருவர் பதவியும் அப்படியே நீடிக்கும்.

படி 5: சுமையைப் பாருங்கள்

தலைவரின் பேட்டரி சீக்கிரம் தீரும். சாட்டர்ஜி, தாஸ், துர்குத் 2002இல் வகுத்த எடையிடும் முறை அண்டை எண்ணிக்கை, தூரம், வேகம், தலைவராக இருந்த நேரம் நான்கையும் கூட்டிப் பார்க்கிறது.

படி 6: களத்தில் சோதியுங்கள்

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் போனதும் சிக்னல் சட்டென்று விழும். மெதுவாக நடப்பவரைக்கூட அசைவுக் கணக்கு வேகமாக ஓடுபவராகக் காட்டிவிடும். ஆகவே பல ஹலோக்களின் சராசரியை எடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தலைவர் மாறினார் என்று எண்ணுங்கள். செய்திகள் போய்ச் சேருவது குறையாமல் அந்த எண்ணிக்கை குறைந்தால் கொத்து நிலைபெறுகிறது.