படமும் அமானிதமே



2022 ஜனவரி 1 அன்று, நம் நாட்டின் நூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்கள் ‘புல்லி பாய்’ என்ற செயலியில் ‘ஏலம்’ என்று போடப்பட்டன. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ என்ற பெயரிலும் இதே கொடுமை நடந்தது. விற்பனை எதுவும் இல்லை, இழிவுபடுத்துவதே நோக்கம். சமூக வலைதளங்களில் கிடந்த படங்களைத்தான் எடுத்திருந்தார்கள். பெண்கள் துணிந்து புகார் கொடுத்ததால் கைதுகள் நடந்தன.

குற்றம் படத்தைத் திருடியவர்களுடையது, பெண்களுடையது அல்ல. இதை வீட்டில் முதலில் சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளையைத்தான் மிரட்டுபவன் வளைக்கிறான்.

பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் சொல்லும்படி திருக்குர்ஆன் (24:27) கட்டளையிடுகிறது. ஒருவரின் படமும் செல்போன் எண்ணும் முகவரியும் அவர் வீட்டு வாசல் போன்றவையே. நிக்காஹ் வீட்டில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைக்குமுன் படத்தில் இருப்பவரிடம் கேட்டோமா? அந்நியர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தோமா? ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் மறையாது.

யாராவது படத்தைத் தவறாகப் பயன்படுத்தினால்:

1. பணம் கொடுக்காதீர்கள்.
2. ஸ்கிரீன்ஷாட், லிங்க் இரண்டையும் சேமியுங்கள்.
3. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அந்த இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். பெண்கள் உதவி எண் 181.

நம் குடும்பங்களின் கண்ணியத்தை அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.