மலைப்பாதையிற் பாரவண்டி டயரும் மரக்கறிச் சேதமும்

கண்டி நகரின் தென்கிழக்கே தலாத்துஓயா, மாரஸ்ஸன, ஹங்குராங்கெத்த ஆகிய பகுதிகளில் தக்காளி, போஞ்சி, கறிமிளகாய், கோவா முதலிய மரக்கறிகள் பயிரிடப்படுகின்றன. இவற்றுட் பெரும்பகுதி பிக்கப் எனப்படும் சிறு பாரவண்டிகளில் ஏற்றப்பட்டு, வளைவும் இறக்கமும் மிக்க பாதை வழியாகச் சந்தையை அடைகின்றது. தோட்டத்தில் மாசின்றிப் பறித்த தக்காளி, சந்தையில் இறக்கும்போது கன்றிப் போயிருப்பதைக் கமக்காரர் பலரும் அறிவர். பாதையின் பழுதே இதற்குக் காரணமெனக் கருதுவது வழக்கம். ஆயின் டயரும் அதிலுள்ள காற்றும் இச்சேதத்திற் பங்கு கொள்கின்றன.

1. பாரத்தைத் தாங்குவது காற்றே

1888 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர வண்டி குலுங்காது ஓடுதற்பொருட்டுக் காற்றடைத்த டயரைப் பொருத்தினார். குலுக்கத்தைத் தணிப்பதே அதன் முதல் நோக்கமாகும். டயரின் உறை காற்றை அடக்கி வைக்கின்றது. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அக்காற்றாகும்.

2. தடித்த டயர் குலுக்குவதேன்?

பாரமேற்றும் வண்டிகளுக்கென 6, 8, 10 படைத் தரமுள்ள டயர்கள் விற்கப்படுகின்றன. இவ்வெண் டயரின் வலுவைக் குறிப்பதன்றி, உள்ளேயிருக்கும் படைகளின் உண்மையான எண்ணிக்கையன்று. இத்தகைய டயரின் பக்கச்சுவர் தடித்தது. கல்லுக்கும் குழிக்கும் எளிதில் வளைந்து கொடாது. எடையும் கூடியதாதலின், சக்கரம் குழியில் விழுந்தெழும் அதிர்ச்சி மேலே மிகுதியாகச் செல்லும். பிக்கப் வண்டியின் பின்புறத் தகட்டு வில்களும் முழுப் பாரத்துக்கென அமைந்தவை. ஆகவே பாதிப் பாரத்துடன் ஓடும் வண்டியில் வில்லும் டயரும் ஒருங்கே விறைத்து நிற்க, அதிர்ச்சி மிகுதியாகப் பெட்டியிலுள்ள தக்காளியைச் சேர்கின்றது.

3. காற்றின் அளவு

10 படைத் தரமுள்ள டயர் பலவற்றிற் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். இது மிகக் கூடிய பாரத்துக்குரிய அளவாகும். ஒவ்வொரு பயணத்துக்கும் உரியதன்று. வண்டியின் சாரதிக் கதவோரத்தில் ஒட்டப்பட்ட அட்டவணை, அவ்வண்டியுடன் வந்த டயருக்குரியது. வேறு தரமுள்ள டயர் மாற்றப்பட்டிருப்பின், டயர் உற்பத்தியாளரின் பார அட்டவணையைப் பார்த்தே காற்றடைத்தல் வேண்டும்.

குலுக்கத்துக்கு அஞ்சி அளவுக்குக் கீழே காற்றைக் குறைப்பது பெருந்தவறாகும். காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக நெளிந்து சூடேறும்; இறக்கத்தில் வெடிக்குமாயின் மரக்கறியோடு உயிரும் போகும். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளத்தல் வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருக்கும். அதைக் கண்டு காற்றை வெளியேற்றலாகாது.

4. வெண்கட்டிச் சோதனை

வழக்கமான பாரத்தை ஏற்றியபின், டயரின் தரையிற் படும் பகுதியிற் குறுக்காக வெண்கட்டியாற் கோடிட்டு, சமதரையில் நேராகச் சிறிது தூரம் வண்டியைச் செலுத்துக. கோடு நடுவில் மட்டும் அழிந்தாற் காற்று மிகுதி. இரு ஓரங்களில் மட்டும் அழிந்தாற் காற்றுக் குறைவு. எங்கும் ஒருசீராக அழிந்தால் அளவு பொருத்தமாகும். இச்சோதனை அட்டவணைக்குத் துணையேயன்றி மாற்றன்று.

5. பாரம் ஏற்றும் முறை

பின்னச்சுக்கு அப்பாலுள்ள பகுதியே மிகுதியாகத் தூக்கியெறியப்படும். ஆதலால் தக்காளி, கறிமிளகாய்ப் பெட்டிகளைச் சாரதி அறையை ஒட்டி முன்னே வைத்து, கோவா போன்றவற்றைப் பின்னே அடுக்குதல் நன்று. சாக்கிலும் பார்க்கப் பெட்டி சிறந்தது. ஆனால் விளிம்புக்கு மேலே நிரப்பினால், மேற்பெட்டியின் சுமை பழத்தின் மீதே விழும். பெட்டிகள் அசையாதவாறு இறுகக் கட்டுக.

நினைவிற் கொள்க

டயரின் தரத்தை வண்டி சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தெரிவு செய்க. எப்போதாவது ஒருமுறை ஏற்றும் பெரும்பாரத்துக்காக மிகத் தடித்த டயரைப் பூட்டுவோர், ஏனைய நாட்களில் அதன் குலுக்கத்தையும் விலைக்கு வாங்குகின்றனர். காற்றுமானி ஒன்றை வண்டியில் வைத்திருத்தல் சிறு செலவேயாகும். அதனாற் காக்கப்படுவது ஒரு போகத்தின் உழைப்பாகும்.