திரையை மூடிவிட்டுத் தொடங்குங்கள்

இணையதளம் வடிவமைக்கும் தம்பி தங்கைகள் யோசனை வறண்டால் பிறர் தளங்களைத்தான் புரட்டுகிறார்கள். "இது வேறொரு கடையின் தளம் மாதிரி இருக்கிறதே" என்று வாடிக்கையாளர் திருப்பிவிட்டால், இரண்டு வார உழைப்பும் கூலியும் போகும்.

மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணியில், 1927இல் தொடங்கிய 'தி முஸல்மான்' உருது நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். வாலாஜா பள்ளிவாசல் அருகே சிறிய அலுவலகம், நான்கே பக்கங்கள். அவற்றைக் காதிபுகள் என்னும் அழகெழுத்துக் கலைஞர்கள் பேனாவால் எழுதினார்கள். அதைப் படமெடுத்து அச்சிடுவார்கள். மனம் கனியட்டும் என்று காத்திருக்க முடியாது; மாலைக்குள் தாள் வெளிவர வேண்டும். முதல் பக்கத்தில் கடைசி நேரச் செய்திக்கு ஒரு மூலையைக் காலியாக விட்டுவைத்தார்கள்.

அந்தக் காலி இடத்தைத்தான் நாம் மறக்கிறோம். தி.நகர் ரங்கநாதன் தெருவின் பலகைகளைப் பாருங்கள்: எல்லாம் சேர்ந்து கத்துகின்றன, எதுவும் கண்ணில் நிற்பதில்லை. (அங்கே புடவை எடுக்கப் போய்க் கடையையே தவறவிட்டவர்கள் நம்மில் உண்டு.)

பயிற்சி இதுதான். தினமும் காலையில், கணினியைத் திறக்குமுன், கைபேசித் திரை அளவில் ஒரு கட்டம் வரையுங்கள். எதை எழுதாமல் விடுவீர்கள் என்று முதலில் குறியுங்கள். பிறகு தலைப்பு, படம், பொத்தான். பத்து நிமிடம் போதும். பழைய நோட்டை எறியாதீர்கள். வறண்ட நாளில் அதைத்தான் புரட்ட வேண்டும்.